சதுப்பில் எழுந்த அரசர் தோட்டம்: வெர்சாயில் கிடைத்த வடிகால் பாடம்

மகள் குடியேறிய ஊரைப் பார்க்கப் போன கடலூர் மாவட்ட விவசாயி ஒருவர், விற்பதற்கு இருந்த தன் கீழ்க்கொல்லைக்கு அங்கே ஓர் அரண்மனைத் தோட்டத்தில் வழி கண்டுகொண்டு திரும்பியிருக்கிறார்.

கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடி பக்கத்தில் அந்த விவசாயிக்கு இரண்டு துண்டு நிலம். மேட்டுக்கொல்லை ஒன்றரை ஏக்கர். அதில் மணிலா, கத்தரி, வெண்டை என்று வருடம் முழுக்க ஏதாவது ஒரு வெள்ளாமை இருக்கும். கீழ்க்கொல்லை ஒரு ஏக்கர் பத்து சென்ட். ஐப்பசி பிறந்தால் அதில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். பத்து நாள், பன்னிரண்டு நாள் வடியாது. நெல் நட்டால் இளம் பயிரிலேயே அழுகும். காய்கறி வைத்தால் வேரோடு போகும். "சனியன் பிடிச்ச நிலம்" என்று ஊரில் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

அந்த நிலத்தைச் செங்கல் சூளைக்கு மண் எடுக்கக் கேட்டு ஒருவர் வந்தார். நல்ல விலைதான் சொன்னார். மகளும் மருமகனும் பிரான்ஸ் நாட்டில் வெர்சாய் என்ற ஊருக்குக் குடிபோய் ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. நிலத்தை விற்று அவர்களுக்கு வீடு வாங்க முன்பணமாகக் கொடுத்துவிடலாம் என்று அவருக்கு எண்ணம். "பொண்ண பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, ஏப்ரல் மாதத்தில் மனைவியுடன் விமானம் ஏறினார். விசா 90 நாளுக்கு.

மகளைப் பற்றித்தான் இருவருக்கும் கவலை. முந்தைய குளிர்காலத்தில் சாயங்காலம் 5 மணிக்கே இருட்டிவிட்ட ஊர், பேச்சு புரியாத கடைத்தெரு, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத மாடிக் குடியிருப்பு. மருமகன் வேலைக்குப் போனால் இரவுதான் வருவார். முதலில் தினமும் பேசிக்கொண்டிருந்த பெண், பிறகு வாரம் ஒரு முறைதான் பேசினாள். பேசும்போதும் "எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா" என்பதோடு முடித்துக்கொண்டாள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பாரிஸ் நகரிலிருந்து தென்மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது வெர்சாய். 1623ல் பதின்மூன்றாம் லூயி அரசர் அங்கே ஒரு வேட்டை மாளிகை கட்டினார். அவருடைய மகன் பதினான்காம் லூயி அதைப் பெரும் அரண்மனையாக வளர்த்து, 1682ல் அரசவையையே அங்கு கொண்டுபோனார். தோட்டத்தை அமைத்தவர் ஆந்த்ரே லெ நோத்ர். இன்றைக்கும் அந்த வளாகம் சுமார் 800 ஹெக்டேர், அதாவது கிட்டத்தட்ட 2,000 ஏக்கர். மாளிகைக்குள் போகப் பொதுவாகக் கட்டணம் உண்டு. தோட்டத்துக்குச் சில நாட்களில் இலவசமாகவே போகலாம். அதற்கு அப்பால் உள்ள பூங்காவில் ஊர்க்காரர்கள் தினமும் நடைப்பயிற்சி போகிறார்கள்.

மகள் அந்த ஊரில் ஆறு மாதம் இருந்தும் ஒரே ஒரு தடவைதான் அங்கு போயிருந்தாள். அப்பா, அம்மா வந்த மூன்றாம் நாள் மூவரும் கிளம்பினார்கள். அரண்மனைக்குப் பின்னால் போய் நின்றால், சரிவாக இறங்கும் தோட்டத்தின் முடிவில் ஒரு பெரிய நீர்நிலை தெரியும். 62 மீட்டர் அகலத்தில் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் நேர்கோடாகப் போகும் கால்வாய் அது. 1668ல் தொடங்கி வெட்டி முடிக்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று.

எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது விவசாயி கேட்ட முதல் கேள்வி, "ஆறு ஒண்ணும் காணோமே, இவ்ளோ தண்ணி எங்கேர்ந்து வருது?"

அரசருடைய ஆட்களை வாழ்நாள் முழுக்க உறங்கவிடாமல் செய்த கேள்வியும் இதுதான். வெர்சாயில் ஆறு கிடையாது. நீரூற்றுகளுக்கு வேண்டிய தண்ணீரை முதலில் பக்கத்துக் குளங்களிலிருந்து இறைத்தார்கள். போதவில்லை. சேன் ஆற்றங்கரையில் 14 பெரிய நீர்ச்சக்கரங்களை வைத்து, ஆற்றின் ஓட்டத்தாலேயே சுற்றவிட்டு, 200க்கும் மேற்பட்ட பம்புகள் மூலம் 150 மீட்டருக்கு மேலான உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றினார்கள். 1684ல் ஓடத் தொடங்கிய அந்த இயந்திரத்தை அந்தக் காலத்து மக்கள் அதிசயமாகப் பார்த்தார்கள். அப்படியும் எல்லா நீரூற்றுகளையும் ஒரே நேரத்தில் ஓட்ட முடியவில்லை. அரசர் நடந்து வரும்போது ஆட்கள் விசில் அடித்துச் சொல்வார்கள். அவர் பக்கத்தில் வரும் ஊற்று திறக்கப்படும். அவர் தாண்டிப் போனதும் மூடப்படும்.

அதுவும் போதாமல் 1685ல் ஏர் என்ற ஆற்றையே கால்வாய் வெட்டித் திருப்பிக் கொண்டுவரப் பார்த்தார்கள். பல்லாயிரம் படைவீரர்கள் மண் சுமந்தார்கள். அவர்களில் பலர் காய்ச்சல் கண்டு இறந்தார்கள். 1688ல் போர் வந்ததும் வேலை நின்றுபோனது. மேன்த்னோன் என்ற ஊரில் பாதியில் விட்ட நீர்ப்பாலம் இன்றும் நிற்கிறது.

இதையெல்லாம் மகள் கைபேசியில் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். "பம்ப்செட் வச்சு இறைக்கிறவன் கஷ்டம் ராஜாவுக்கும் உண்டு போல" என்றார் அப்பா. அன்று வீடு திரும்பும்வரை மகள் பேச்சை நிறுத்தவில்லை. அம்மா கவனித்தது அதைத்தான்.

பெட்டிக்குள் வளரும் ஆரஞ்சு மரங்கள்

மே மாதம் நடுவில் அவர்கள் இன்னொரு காட்சியைப் பார்த்தார்கள். அரண்மனைக்குத் தெற்கே, தரைமட்டத்துக்குக் கீழே, மான்சார் என்ற கட்டடக் கலைஞர் 1684க்கும் 1686க்கும் இடையில் கட்டிய நீளமான மண்டபம் ஒன்று உண்டு. நீளம் 150 மீட்டருக்கு மேல். தெற்கு பார்த்த பெரிய சன்னல்கள், மிகத் தடித்த சுவர்கள். ஆரஞ்சு, எலுமிச்சை, மாதுளை, அரளி, பனை வகை என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் குளிர்காலம் முழுக்க இதற்குள்தான் இருக்கின்றன. அடுப்பு மூட்டாமலே, வெளியே பனி உறையும் நாட்களிலும் உள்ளே மரம் சாகாத அளவுக்கு வெப்பம் நிற்கும்படி கட்டியிருக்கிறார்கள். மே நடுவில் மரங்களை வெளியே கொண்டுவருவார்கள். அக்டோபர் நடுவில் திரும்ப உள்ளே போய்விடும். 200 வருடம் தாண்டிய ஆரஞ்சு மரங்களும் அவற்றில் உண்டு.

ஒவ்வொரு மரமும் ஒரு சதுர மரப்பெட்டியில் நிற்கிறது. அந்தப் பெட்டியின் பக்கப் பலகைகளைக் கழற்றலாம். வேர் அடர்ந்து சுருண்டுவிட்டால், பலகையைத் திறந்து, ஓரத்து வேரை அரிந்துவிட்டு, புது மண் போட்டு மூடிவிடுகிறார்கள். மரத்தைப் பிடுங்க வேண்டிய வேலையே இல்லை. மாடித்தோட்டம் வைத்திருப்போரும், தொட்டியில் எலுமிச்சை வளர்ப்போரும் கவனிக்க வேண்டிய நுட்பம் இது. தொட்டி மரம் சில வருடத்தில் காய்ப்பை நிறுத்துவதற்கு வேர் நெருக்கடியும் ஒரு முக்கியக் காரணம்.

மரங்களை வண்டியில் ஏற்றி வெயிலுக்குக் கொண்டுவருவதை மேல்தளத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னார்: "குளிரு மட்டும் உள்ள இருந்துட்டு, வெயிலு வந்தா வெளிய வருது. நம்ம பொண்ணும் அப்படித்தான்." மகள் சிரித்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம்

விவசாயி தன் கொல்லையைக் கண்டுகொண்ட இடம் இந்தப் பெரிய தோட்டம் அல்ல. மகளின் வீடு இருந்த செயின்ட் லூயி பகுதியிலேயே, கடைக்குப் போகும் வழியில் ஒரு நீண்ட கல்சுவர் இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று மகளுக்குத் தெரியாது. ஒருநாள் வாசல் பலகையைப் படித்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, இது ராஜாவோட காய்கறித் தோட்டமாம்."

பிரெஞ்சில் அதன் பெயர் பொத்தாஜே து ருவா. அரசரின் காய்கறித் தோட்டம் என்றே பொருள். பரப்பு 9 ஹெக்டேர், நம் கணக்கில் சுமார் 22 ஏக்கர். 1678லிருந்து 1683க்குள் இதை உருவாக்கியவர் ழான் பாப்டிஸ்ட் லா கேந்தினி. பயிருக்கும் அவருக்கும் தொடக்கத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லை. 1626ல் பிறந்து, சட்டம் படித்து வழக்கறிஞர் ஆனவர். ஒரு பெரிய வீட்டுப் பையனுக்கு ஆசிரியராக இருந்து, அவனுடன் இத்தாலிக்குப் பயணம் போனார். அந்நிய நாட்டில் பார்த்த தோட்டங்கள் அவர் மனதை மாற்றின. ஊர் திரும்பியதும் வழக்குகளை விட்டுவிட்டு மண்வெட்டியைப் பிடித்தார். செடியை நட்டுப் பார்ப்பது, வேரைத் தோண்டிப் பார்ப்பது, பார்த்ததை எழுதி வைப்பது என்று தாமே பரிசோதித்துக் கற்றுக்கொண்டவர்.

அரசர் அவருக்குக் கொடுத்த இடம் என்ன தெரியுமா? அரண்மனைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு நாற்றம் பிடித்த சதுப்பு. நல்ல மண் உள்ள வேறு இடம் வேண்டும் என்று லா கேந்தினி விரும்பினார். ஆனால் அரசர் நடந்து வந்து பார்க்கத் தோதான தூரத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக இந்த இடமே முடிவானது. எங்குமே இருக்கக் கூடாது என்று நினைக்கத்தக்க மண் என்று அவரே பின்னால் தம் புத்தகத்தில் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார்.

முதல் வேலையாகச் சதுப்பை மேடாக்கினார்கள். பக்கத்தில் சுவிஸ் படைவீரர்களைக் கொண்டு ஒரு பெரிய ஏரி வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஏரி இன்றும் இருக்கிறது. அந்த மண்ணைக் கொண்டுவந்து கொட்டினார்கள். அதற்கு மேல் பக்கத்துக் குன்றிலிருந்து நல்ல மண் வந்தது. இவ்வளவு செய்தும் முதல் சில வருடங்களில் தோட்டம் தோற்றது. மழை பெய்தால் மண் கஞ்சியாகக் குழைந்தது. தண்ணீர் உள்ளே இறங்கவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. மரங்கள் வேர் அழுகிச் செத்தன.

அப்போது லா கேந்தினி என்ன செய்தார் என்பதைத்தான் நம் விவசாயி மகளிடம் இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார். தோட்டத்தின் குறுக்கே நிலத்துக்கு அடியில் ஒரு பெரிய வடிகாலைக் கட்டினார். ஒவ்வொரு பாத்தியையும் தட்டையாக விடாமல், நடுவில் உயர்த்தி, இரண்டு பக்கமும் சரிவாக, பெட்டி மூடி மாதிரி அமைத்தார். மழைநீர் பாத்தியின் நடுவில் நிற்காமல் ஓரத்துக்கு வழிந்து, அங்கிருந்து வடிகாலுக்குப் போனது. அதன் பிறகுதான் மரம் நின்றது.

"மண்ணு கொட்டினது பெருசில்ல. தண்ணி போக வழி விட்டதுதான் பெருசு" என்றார் விவசாயி. கீழ்க்கொல்லையை மேடாக்க எத்தனை லோடு மண் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, முடியாது என்று கைவிட்டவர் அவர். தண்ணீர் எந்தப் பக்கம் போகப் பார்க்கிறது என்று ஒருநாளும் அளந்து பார்க்கவில்லை.

எருவும் சுவரும் செய்த வேலை

தோட்டத்தின் நடுவில் ஒரு நீர்த்தொட்டி. அதைச் சுற்றி சுமார் 3 ஹெக்டேரில் 16 சதுரப் பாத்திகள். அதைச் சுற்றிலும் உயரமான சுவர்கள் எழுப்பித் தனித்தனி அடைப்புகள். சுவர்மேல் நடைபாதை. அங்கு நின்றுதான் அரசர் கீழே வேலை நடப்பதைப் பார்ப்பார். மரம் கவாத்து செய்யவும் லா கேந்தினியிடம் கற்றுக்கொண்டார் என்பார்கள்.

சுவர் எதற்கு? குளிர் காற்றைத் தடுக்கும். பகல் வெயிலின் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மரத்துக்குக் கொடுக்கும். பேரி, பீச் மரங்களைச் சுவரை ஒட்டி நட்டு, கிளைகளை விசிறி போலவும் ஏணி போலவும் படியவைத்துக் கட்டியிருக்கிறார்கள். எந்தச் சுவர் எந்தத் திசையைப் பார்க்கிறதோ, அதற்கேற்ற ரகம். ஒரே ரகம் வெவ்வேறு திசைச் சுவர்களில் வெவ்வேறு வாரத்தில் பழுக்கும். இதனால் அறுவடைக் காலத்தை நீட்டிக்க முடிந்தது.

அரண்மனைக் குதிரை லாயங்கள் பக்கத்திலேயே இருந்தன. சாணத்துக்குப் பஞ்சமே இல்லை. புதுக் குதிரைச் சாணம் கொதிக்கும்போது எழும் சூட்டைப் பாத்திக்கு அடியிலும் பக்கத்திலும் கொடுத்து, மேலே கண்ணாடி மூடிகளைக் கவிழ்த்து வைத்து, பருவத்துக்கு முன்பே விளையவைத்தார் லா கேந்தினி. மே, ஜூனில் வர வேண்டிய ஸ்ட்ராபெரி மார்ச் கடைசியில் வந்தது. பட்டாணி ஏப்ரலில் வந்தது. ஏப்ரலிலிருந்து ஜூன்வரை மட்டும் கிடைக்கும் ஆஸ்பராகஸ் தண்டு டிசம்பரில் அரசர் தட்டுக்குப் போனது. அரசர் விரும்பிய அத்தி ஜூனிலேயே பழுத்தது. ஆஸ்பராகஸ் நம் ஊர்த் தண்ணீர்விட்டான் கிழங்கின் இனம்தான். அங்கே கிழங்கை விட்டுவிட்டு, மண்ணைப் பிளந்துகொண்டு வரும் இளந்தண்டைச் சாப்பிடுகிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மக்காத சாணத்தின் சூடு அங்கே குளிருக்கு மருந்து. நம் வெயிலில் அதுவே வேருக்குக் கேடு. நாம் போட வேண்டியது நன்றாக மக்கிய எருதான். வெளியூரில் பார்த்த எதையும் அதன் காரணத்தோடு சேர்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

யார் வயிற்றில் யார் பழம்

இந்தப் பெருமைக்கு மறுபக்கமும் உண்டு. டிசம்பரில் ஆஸ்பராகஸ் விளைந்த அதே நாட்டில், அதே அரசர் காலத்தில், 1693, 1694ஆம் வருடங்களில் கொடும் பஞ்சம் வந்தது. தொடர்ந்து கெட்ட பருவம், விளைச்சல் இல்லை, போர்ச் செலவுக்கு வரி. பஞ்சத்திலும் அதோடு வந்த நோயிலும் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அரசர் தோட்டத்துக்கு மண் வந்தது, எரு வந்தது, ஆள் வந்தார்கள், தண்ணீரும் வந்தது. கிராமத்துக் கோதுமை வயல்களுக்கு எதுவும் வரவில்லை. சுமார் நூறு வருடம் கழித்து, 1789 அக்டோபர் 5ஆம் தேதி, பாரிஸ் நகரத்துப் பெண்கள் ரொட்டி கேட்டு வெர்சாய்க்கு நடந்தே வந்தார்கள். மறுநாள் அரச குடும்பம் அரண்மனையை விட்டுப் பாரிஸுக்குப் போக வேண்டியதாயிற்று. பிறகு திரும்பவே இல்லை.

தோட்டம் மட்டும் தப்பித்தது. 1874ல் அங்கே தோட்டக்கலைப் பள்ளி திறக்கப்பட்டது. இன்று நிலத்தோட்ட அமைப்புக் கலையைக் கற்பிக்கும் தேசியக் கல்லூரியின் பொறுப்பில் இருக்கிறது. அரசர் ஒருவருக்காகக் கட்டிய சுவருக்குள் இப்போது மாணவர்கள் படிக்கிறார்கள். நூற்றுக்கணக்கான பழ, காய்கறி ரகங்கள் அங்கே காக்கப்படுகின்றன. ரசாயன மருந்துகளைக் குறைத்து வேறு வழி தேடும் வேலையும் நடக்கிறது. விளைவதைப் பொதுமக்களுக்கு விற்கிறார்கள்.

கத்தரிக்கோல் பேசிய மொழி

முதல் நாள் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போன விவசாயி, பேரி மரம் ஒன்றின் முன்னால் வெகு நேரம் நின்றுவிட்டார். தோட்டக்காரர் ஒருவர் தளிர்களைக் கிள்ளிக்கொண்டிருந்தார். எத்தனை கண் விட்டு வெட்ட வேண்டும் என்று இவர் விரலைக் காட்டிக் கேட்டார். அவரும் விரலைக் காட்டிப் பதில் சொன்னார். ஊரில் கொய்யாவுக்குத் தான் கவாத்து செய்யும் விதத்தை இவர் காற்றிலே வெட்டிக் காட்ட, அவர் தலையை ஆட்டிவிட்டு ஏதோ கேட்டார். அப்போதுதான் மகள் நடுவில் வர வேண்டியதாயிற்று. அவளுக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சு போதவில்லை. 'கவாத்து', 'ஒட்டு', 'வடிகால்' எல்லாம் மொழி வகுப்பில் சொல்லித் தராத சொற்கள். கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு முறை அங்கே போனார்கள். காய்கறி விற்கும் இடத்தில் நிற்கும் பெண்மணி, பெயர் தெரியாத கீரைகளை எப்படிச் சமைப்பது என்று அம்மாவுக்குச் சொல்ல, மகள் மொழிபெயர்த்தாள். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு காலைகளில் ஊர் நடுவே கூடும் நோத்ர் தாம் சந்தைக்கும் போகத் தொடங்கினார்கள். ஜூன் கடைசியில் அப்பா, அம்மா கிளம்பும்போது, அந்தத் தெருவில் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாலைந்து பேர் இருந்தார்கள்.

கிளம்புவதற்கு முந்தைய இரவு விவசாயி நிலம் விற்கும் பேச்சை எடுத்தார். மருமகன் கேட்டது ஒன்றுதான்: "மாமா, மண்ணு எடுத்துட்டா அப்புறம் அது நிலமா இருக்குமா?" இருக்காது என்று இவருக்கே தெரியும். "எங்களுக்கு வீடு இப்ப அவசரம் இல்ல. நீங்க முதல்ல அந்த வடிகாலைப் பாருங்க" என்றார் மருமகன்.

கீழ்க்கொல்லையில் நடந்தது

ஊருக்கு வந்ததும் கொத்தனாரிடம் தண்ணீர் டியூப் வாங்கி மட்டம் பார்த்தார். நிலத்தின் தென்கிழக்கு மூலை மற்ற இடங்களைவிடத் தாழ்வு. அந்த மூலையிலிருந்து பொது வடிகாலுக்கு ஒரு பழைய வாய்க்கால் இருந்ததும், அது வண்டல் தூர்ந்து வேலிக்காத்தான் மண்டிப் போனதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அது நான்கு பேர் நிலத்தை ஒட்டிப் போகிறது. ஒருவருக்கு ஒருவர் பேச்சு வார்த்தை இல்லாததால் இருபது வருடமாக யாரும் தொடவில்லை. இவர் வீடு வீடாகப் போய்ப் பேசினார். இருவர் உடனே சம்மதித்தார்கள். மூன்றாமவர் ஒரு மாதம் இழுத்தார். ஆவணி கடைசியில் ஜேசிபி வைத்து வாய்க்காலைத் தூர் வாரினார்கள். செலவை நிலத்தின் அளவுக்கு ஏற்பப் பகிர்ந்துகொண்டார்கள்.

நிலத்தின் மேல்பாதியில் மட்டும் மேட்டுப்பாத்திகள் எடுத்து, நடுவை உயர்த்தி இரு பக்கமும் சரித்துவிட்டார். கீழ்ப்பாதியை நெல்லுக்கே விட்டார். அந்த ஐப்பசியிலும் தண்ணீர் ஏறத்தான் செய்தது. ஆனால் மூன்றாம் நாள் பாத்தி வெளியே தெரிந்தது. கத்தரியில் ஓரத்து வரிசைகள் போயின. நடு வரிசைகள் நின்றன. கீழ்ப்பாதியில் நெல் பாதிக்குப் பாதிதான். முழு வெற்றி என்று அவரும் சொல்லவில்லை. "அந்த லா கேந்தினிக்கே முதல் சில வருஷம் மரம் செத்துதே" என்கிறார். சூளைக்காரருக்கு இல்லை என்று சொல்லியாயிற்று.

கத்தரி காய்த்ததும் மகளுக்குப் படம் அனுப்பினார். மகள் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போய், பேரி மரத்தடியில் தோட்டக்காரரிடம் காட்டியிருக்கிறாள். அவர் கத்தரியைப் பார்க்காமல் பாத்தியின் சரிவைத்தான் முதலில் பார்த்தாராம்.

தண்ணீர் தேங்கும் நிலம் வைத்திருப்போர் கவனத்துக்கு

• வேர் சுவாசிக்கக் காற்று வேண்டும். மண்ணின் நுண்துளை முழுக்கத் தண்ணீர் நிறைந்தால் காய்கறி, பயறு, மணிலா போன்றவற்றின் வேர்கள் சில நாளிலேயே அழுகத் தொடங்கும். நெல் தாங்கும். ஆனால் இளம்பயிர் முழுக்க மூழ்கிப் பல நாள் கிடந்தால் அதுவும் அழுகும்.

• அடி இலை மஞ்சளாவது, வேர் கறுத்து நாற்றம் அடிப்பது, தோண்டினால் மண் நீலச்சாம்பல் நிறத்தில் இருப்பது எல்லாம் வடிகால் இல்லாததன் அடையாளங்கள். இதைச் சத்துக்குறை என்று எண்ணி உரத்தைக் கொட்டினால் பணம்தான் போகும்.

• முதலில் மட்டம் பாருங்கள். தண்ணீர் வெளியேறும் மூலையைக் கண்டுபிடித்து, அதற்கு அப்பால் வாய்க்கால் திறந்திருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். போக்கிடம் இல்லாமல் நிலத்துக்குள் மட்டும் வடிகால் வெட்டினால் அது குட்டையாகத்தான் நிற்கும்.

• உங்கள் தண்ணீரைப் பக்கத்து நிலத்தில் தள்ளாதீர்கள். பொது வாய்க்காலைப் பக்கத்து நிலத்தாரோடு பேசிச் சேர்ந்து தூர் வாருவதுதான் செலவும் குறைவு, சண்டையும் இல்லை. மழைக்கு முன், ஆவணி, புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும்.

• மேட்டுப்பாத்தி 3 முதல் 4 அடி அகலம், ஒரு அடி உயரம் இருக்கலாம். நடுப்பகுதி சற்று உயர்ந்து, இரு ஓரமும் சரிந்திருக்க வேண்டும். பாத்திகளுக்கு இடையே உள்ள வாய்க்கால் வெளிவடிகாலை நோக்கிச் சரிய வேண்டும்.

• மண்ணைத் தேற்ற, ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழலாம். இது தண்ணீர் தேக்கத்தையும் ஓரளவு தாங்கும். அதன் பிறகு மண் பரிசோதனை செய்து உரம் இடுங்கள்.

உங்கள் நிலத்தின் மண் வகை, தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது, எந்தப் பக்கம் தாழ்வு என்ற விவரங்களோடு கேள்வி பதில் பகுதிக்கு எழுதினால், உங்கள் நிலத்துக்கு ஏற்ற யோசனை சொல்ல வசதியாக இருக்கும்.